வாசி உள்ள காசும் வாகனக் கடனும்

திருவீழிமிழலையில் பஞ்சம் நிலவிய காலத்தில் அப்பர் பெருமானுக்கும் ஞானசம்பந்தப் பெருமானுக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு வழங்கிய வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். அப்பர் பெற்ற காசு குறையற்றது. சம்பந்தர் பெற்ற காசுக்கோ வாசி இருந்தது. கடைக்காரர் அதைப் பெற்றுக்கொள்ளும்போது ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே பண்டம் தந்தார். காசை மாற்றிப் பண்டம் வாங்கிச் சமைப்பதற்குள் நேரமாகிவிட, சம்பந்தர் மடத்து அடியவர்கள் காலம் தாழ்ந்து உண்ண நேர்ந்தது. காரணத்தைக் கேட்டறிந்த பிள்ளையார், வாசி நீங்க வேண்டும் என்று இறைவனிடம் விண்ணப்பித்துப் பாடினார். மறுநாள் முதல் நற்காசு கிடைத்தது.

ஒரு பொருளின் பெயரளவு மதிப்புக்கும், அதைச் சந்தையில் கொடுத்தால் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள இடைவெளியே வாசி. இறைவன் தந்த காசிலேயே அது இருந்தது என்றால், வங்கிக் கடனில் வாங்கிய காரில் இருப்பது வியப்பன்று. வியப்புக்குரியது, பல வீடுகளில் அந்த வாசி எவ்வளவு என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை என்பதே.

இன்று பல இல்லங்களில் காணும் நிலை இது. மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐந்து பேர் அமரும் கார் ஒன்றைக் கடனில் வாங்கினான். அப்போது வீட்டில் பெரியவர்கள் இருவர், மகன், மருமகள், ஒரு கைக்குழந்தை. இப்போது மருமகளுக்கு இரண்டாவது பேறு. வளைகாப்பு முடிந்த கையோடு பேச்சு எழுகிறது: “இனி ஆறு பேர், இந்த வண்டி போதாது. ஏழு பேர் அமரும் வண்டி ஒன்று வாங்கிவிடலாம்.” பேச்சில் தவறு ஏதுமில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், பக்கத்தில் ஒருவர், பின்னிருக்கையில் இரண்டு குழந்தை இருக்கைகள் என்று வைத்தால், நடுவே எஞ்சும் குறுகிய இடத்தில் ஒருவர்தான் அமர இயலும். நான்காவது பெரியவருக்கு இடமில்லை. அந்த நான்காமவர் யார் என்று எந்த வீட்டிலும் சொல்லத் தேவையில்லை. “முழங்கால் வலிக்கிறது, நீங்கள் போய் வாருங்கள். பிரசாதம் மட்டும் கொண்டு வாருங்கள்” என்று வாசலில் நின்று வழியனுப்பும் பாட்டிதான் அவர்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் போயிற்று என்று சொல்வதும் முறையன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்போ இன்றி அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்தைவிடப் பெரிது குழந்தையின் உயிர். திடீரென்று பிரேக் போடும் வேகத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த வல்லதன்று.

ஆகவே தேவை உண்மையானது. கேள்வி, எப்போது, எவ்வாறு என்பதே. அதற்கு முதலில் கணக்கு வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. காரின் ஷோரூம் விலை 8,00,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள வாழ்நாள் சாலை வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 விழுக்காடு. அது 1,04,000 ரூபாய். காப்பீடும் பதிவுச் செலவும் 46,000 என்று கொண்டால், வண்டி வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது 9,50,000 ஆகிறது. மகன் கையிலிருந்து 50,000 போட்டு, மீதி 9,00,000 ரூபாயை 9.5 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுக் கடனாகப் பெறுகிறான். மாதத் தவணை ஏறக்குறைய 14,710 ரூபாய்.

இரண்டு ஆண்டுகளில் 24 தவணைகளாக அவன் கட்டிய தொகை 3,53,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். “பாதிக் கடன் அடைந்திருக்கும்” என்று தந்தை எண்ணுகிறார். உண்மையில் அந்தத் தொகையில் 1,53,000க்கும் மேல் வட்டிக்கே போய்விட்டது. அசலில் கழிந்தது 2,00,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பாக்கி இன்னும் 7,00,000. நீண்ட காலக் கடனின் இயல்பு இது. தொடக்க ஆண்டுகளில் வட்டியே பெரும்பங்கை உண்ணும். பிற்பகுதியில்தான் அசல் விரைந்து கரையும்.

வண்டியின் நிலை இதற்கு நேர்மாறானது. முதல் சில ஆண்டுகளில்தான் அதன் மதிப்பு விரைந்து சரியும். காப்பீட்டில் வழங்கிவரும் தேய்மான அட்டவணை, 6 மாதத்துக்குள் 5 விழுக்காடு, ஓர் ஆண்டுக்குள் 15, இரண்டு ஆண்டுக்குள் 20, மூன்று ஆண்டுக்குள் 30, நான்கு ஆண்டுக்குள் 40, ஐந்து ஆண்டுக்குள் 50 என்று கழித்துக்கொண்டே செல்கிறது. இந்தக் கழிவு ஷோரூம் விலையிலிருந்து. சாலை வரியாகவும் காப்பீடாகவும் செலுத்திய 1,50,000 ரூபாய் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. சந்தை விலை இந்த அட்டவணையை ஒட்டியே இருக்கும் என்பதில்லை. வண்டியின் பெயர், ஓடிய தூரம், பராமரிப்பு ஆகியவற்றால் கூடும், குறையும். எனினும் அளவுகோலாக இதைக் கொள்ளலாம். இரண்டு ஆண்டு முடிந்த அந்த வண்டியின் மதிப்பு 5,60,000 ரூபாய். கடன் பாக்கி 7,00,000. வாசி 1,40,000. அதாவது, வண்டியை விற்று முழுத்தொகையையும் வங்கியில் கட்டினாலும், இல்லாத வண்டிக்காக மேலும் 1,40,000 ரூபாய் கொடுக்க வேண்டும்.

அண்மையில் வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் என்றிருந்தது 18 விழுக்காடாகக் குறைந்தது. புதிதாக வாங்குவோருக்கு அது நற்செய்தி. ஆனால் புதிய வண்டியின் விலை இறங்கும்போது பழையதன் விலையும் உடன் இறங்கும். அதற்கு முன் கூடிய விலையில் வாங்கியவர்களின் கடன் மட்டும் ஒரு காசும் இறங்கவில்லை.

இந்த 1,40,000 எங்கிருந்து வரும்? சில அயல்நாடுகளில் பழைய கடனின் மிச்சத்தைப் புதிய காரின் கடனோடு சேர்த்தே எழுதிவிடும் வழக்கம் உண்டு. இந்நாட்டு வங்கிகள் வண்டியின் முழு விலைக்கு மேல் வாகனக் கடன் தருவது வழக்கமில்லை. ஆகவே அந்தப் பள்ளம் வேறு வழிகளில் நிரப்பப்படுகிறது. அதிக வட்டியில் தனிநபர் கடன். மருமகளின் நகை அடகு. இவை இரண்டும் இல்லையேல், தந்தையின் வைப்புத்தொகை. ஷோரூமில் “பழைய வண்டியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், எக்ஸ்சேஞ்ச் போனஸும் உண்டு” என்று சொல்லும்போது பள்ளம் மறைந்ததுபோல் தோன்றும். அது மறையவில்லை, பழைய வண்டிக்குத் தரும் விலை, புதிய வண்டியில் தரும் தள்ளுபடி, போனஸ் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, அவ்வளவே. மூன்றையும் தனித்தனியே எழுத்தில் கேட்டுப் பெற்றால் உண்மை விளங்கும்.

புதிய வண்டிக்கு வருவோம். ஷோரூம் விலை 12,00,000 என்றால், 10 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தமிழ்நாட்டில் சாலை வரி 18 விழுக்காடு, அதாவது 2,16,000 ரூபாய். காப்பீடும் பிறவும் 64,000. மொத்தம் 14,80,000. இதில் 13,00,000 கடனாகக் கிடைத்தால், கையிலிருந்து 1,80,000 வேண்டும். பழைய வாசி 1,40,000ஐச் சேர்த்தால் 3,20,000 ரூபாய். மாதத் தவணை 14,710இலிருந்து 21,250 ஆக உயர்கிறது. இன்னும் 5 ஆண்டில் முடிய வேண்டிய கடன் மறுபடியும் 7 ஆண்டுக்கு நீள்கிறது. புது வண்டியின் மதிப்பும் முன்போலவே முதல் ஆண்டுகளில் சரியும். மூன்றாவது முறை வண்டி மாற்ற நினைக்கும்போது வாசி இன்னும் பெரிதாக இருக்கும். பேறுகாலச் செலவு, விடுப்பால் மருமகளின் வருமானத்தில் குறைவு, மூத்த குழந்தையின் பள்ளிக் கட்டணம் ஆகியவை கூடும் அதே ஆண்டில்தான் இச்சுமையும் ஏறுகிறது.

மாற்றுவழி ஒன்றைப் பார்க்கலாம். 21,250 ரூபாய் தவணை கட்ட இயலும் என்று மகன் நம்பினால், இப்போதுள்ள தவணையோடு மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டவும் அவனால் இயலும். மொத்தம் 19,710 தான் ஆகிறது. இவ்வாறு இரண்டு ஆண்டு கட்டினால், கடன் பாக்கி ஏறக்குறைய 3,28,000 ஆகக் குறையும். கூடுதல் தொகை கட்டாமல் விட்டிருந்தால் அது 4,59,000 ஆக இருந்திருக்கும். நான்கு ஆண்டு முடிந்த வண்டியின் மதிப்பு, மேற்சொன்ன அட்டவணைப்படி, 4,00,000. அப்போது வண்டியை விற்றால் கடன் தீர்ந்து 72,000 ரூபாய் கையில் நிற்கும். வாசி தீர்ந்துவிட்டது. யார் வைப்புத்தொகையும் கரையவில்லை.

இதற்கு முன் வங்கியில் கேட்டறிய வேண்டியது ஒன்று உண்டு. கடன் மாறும் வட்டியிலா, நிலையான வட்டியிலா என்பதே அது. தனிநபர் பெற்ற மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. நிலையான வட்டிக் கடனுக்குக் கட்டணம் இருக்கக்கூடும். பகுதி பகுதியாகக் கட்டுவதற்கு வரம்புகளும் இருக்கலாம். கடன் ஒப்பந்தத்தில் அவை எழுதப்பட்டிருக்கும்.

அந்த இரண்டு ஆண்டும் ஆறு பேர் எவ்வாறு பயணம் செய்வது? இதற்கும் எண்ணிக்கைதான் விடை தரும். மகன் அலுவலகம் செல்வது தனியாக. குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது மூவரோ நால்வரோ. ஆறு பேரும் ஒன்றாகச் செல்வது பிரதோஷம், கிருத்திகை, உறவினர் திருமணம், ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வ வழிபாடு போன்றவற்றுக்கே. ஒரு நாட்காட்டியை எடுத்துக் குறித்துப் பார்த்தால் பல வீடுகளில் அந்த நாள்கள் முப்பதைத் தாண்டா. உள்ளூர்ப் பயணம் இருபதுக்கு வாடகைக் கார் போக வர 500 ரூபாய் வீதம் 10,000. வெளியூர்ப் பயணம் நான்கு நாளுக்குப் பெரிய வண்டி 6,000 வீதம் 24,000. ஆண்டுக்கு 34,000 ரூபாய் என்று கொள்ளலாம். புதிய வண்டியால் கூடும் தவணையோ ஆண்டுக்கு 78,000க்கு மேல். வாடகை வண்டி வைப்பது கௌரவக் குறைவு என்று எண்ணுவதற்கு இதில் ஒன்றுமில்லை. பாட்டிக்கு அதில் சன்னல் ஓர இருக்கையே கிடைக்கும்.

எல்லா வீட்டுக்கும் ஒரே விடை பொருந்தாது. நாள்தோறும் ஆறு பேரும் ஒரே வண்டியில் செல்ல வேண்டிய வீடுகளும், நடக்க இயலாத முதியவரை வாரம் மும்முறை சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய வீடுகளும் உண்டு. அங்கே காத்திருத்தல் அறிவுடைமையாகாது. மாற்றத்தான் வேண்டும் என்றால், வாசியைப் புதிய கடனால் அடைக்காமல் சேமிப்பால் அடைப்பது முதல் விதி. புதிய வண்டிக்குப் பதிலாக, மற்றவர் கையில் முதல் தேய்மானம் கழிந்துவிட்ட மூன்று, நான்கு ஆண்டுப் பழைய ஏழு இருக்கை வண்டியைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. கடன் காலத்தை 5 ஆண்டுக்கு மேல் நீட்டாமல், கையிலிருந்து ஐந்தில் ஒரு பங்காவது போடுவது மூன்றாவது. பழைய வண்டிக்கு உரிமை கோராமல் ஈட்டிய காப்பீட்டுச் சலுகை வண்டிக்குரியது அன்று, உரிமையாளருக்குரியது. 20 முதல் 50 விழுக்காடு வரை உள்ள அந்தச் சலுகையைச் சான்றாகப் பெற்றுப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். பலர் அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

வாசி நீடிக்கும் காலத்தில் மறைந்திருக்கும் ஆபத்து ஒன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். வண்டி களவு போனாலோ விபத்தில் முற்றிலும் சிதைந்தாலோ காப்பீட்டு நிறுவனம் தேய்மானம் கழித்த மதிப்பையே தரும். அதுவும் முதலில் கடன் கொடுத்த வங்கிக்கே செல்லும். வண்டியும் இல்லை, கடனும் தீரவில்லை என்ற நிலை வரும். வாங்கிய விலை வரை ஈடு தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்னும் கூடுதல் காப்பு புதிய வண்டிகளுக்குக் கிடைக்கிறது. பெருங்கடனில் வாங்கியவர்களுக்கு அதற்கான சிறு தொகை வீண்செலவு அன்று.

விற்கும்போதும் விழிப்பு வேண்டும். “மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன், வண்டியைக் கொடுங்கள்” என்று கேட்பவரிடம் வாய்மொழியாக ஒப்படைக்கலாகாது. அவர் தவணை தவறினால் வங்கி மகனைத்தான் கேட்கும். வண்டி விபத்துக்குள்ளானால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் முன் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவுபடுத்தியுள்ளது. கடனை முழுதும் அடைத்து, வங்கியின் தடையில்லாச் சான்றையும் 35ஆம் எண் படிவத்தையும் பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரை நீக்கி, 29, 30 எண் படிவங்களின் வழியே பெயர் மாற்றம் முடிந்தால்தான் விற்பனை முடிந்ததாகும்.

இனிப் பெரியவர்கள் பங்கு. மகன் கேட்பதற்கு முன்பே, “என் டெபாசிட்டை எடுத்துக்கொள்” என்று நீட்டும் கைகள் இந்நாட்டுத் தந்தையர் கைகள். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் அந்தத் தொகை எதற்காக ஒதுக்கப்பட்டது? கண்ணில் புரை அறுவைக்கும், திடீரென்று நேரும் மருத்துவமனை வாசத்துக்கும், ஒருவர் முன்னே சென்றுவிட்டால் மற்றவர் எவரிடமும் கையேந்தாமல் இருப்பதற்கும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உள்ள தொகையை ஓர் ஆண்டுக்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் முடித்தால் அசலில் 1.5 விழுக்காடும், அதற்குப் பின் முடித்தால் 1 விழுக்காடும் கழிக்கப்படும். ஓர் ஆண்டுக்குள்ளேயே முடித்தால் பெற்ற வட்டியைத் திருப்பித் தர வேண்டும். வங்கி வைப்புத்தொகையிலும் முன்கூட்டி எடுத்தால் பொதுவாக வட்டி குறையும்.

ஜாமீன் கையெழுத்து இன்னும் கனமானது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். “சும்மா ஒரு கையெழுத்து” என்று ஒன்று சட்டத்தில் இல்லை.

உதவ வேண்டும் என்ற மனமும், உதவினால் குறையாத வசதியும் இருந்தால், புது வண்டியின் முன்பணத்துக்குக் கொடுப்பதைவிடப் பழைய கடனின் அசலில் ஒரு பகுதியைக் கட்டிக் கொடுப்பது மேல். முன்னது அடுத்த கடனுக்கு வாசல் திறக்கிறது. பின்னது இருக்கும் கடனைக் குறைக்கிறது. இயலாதவர்கள், இயலாது என்று அன்போடு சொல்லிவிடுவதே நலம். மருமகள் மனம் கோணுமோ என்று அஞ்சி ஒப்புக்கொண்டு, பின்னர் மருந்துக்குப் பணம் கேட்கும் நாளில் இரு தரப்பும் குன்றிப்போவதைவிட, இன்று ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது உறவைக் காக்கும். அந்தப் பேச்சில் மருமகளும் இருக்க வேண்டும். தவணை கட்டும் வீட்டில் பாதிப் பாரம் அவளுடையது. “எனக்குப் பெரிய வண்டி வேண்டியதில்லை, இதையே வைத்துக்கொள்ளலாம்” என்று முதலில் சொல்பவள் அவளாகவே இருக்கவும் கூடும்.

புதிய வண்டி வாங்கினால் முதலில் கோயில் வாசலுக்கே கொண்டு செல்வதும், சந்தனம் குங்குமம் இட்டுப் பூசை செய்து எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி எடுப்பதும் வழக்கம். அந்தப் பூசைக்குரிய நாள் எப்போது என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பதற்கு முன், வங்கியின் கடன் பாக்கிச் சீட்டையும் வண்டியின் இன்றைய விலையையும் அருகருகே எழுதிப் பார்ப்பது நல்லது. முதல் எண் பெரிதாக இருந்தால் நல்ல நாள் இன்னும் வரவில்லை என்று பொருள். இரண்டாம் எண் முந்திவிட்டால், ஆறு பேரும் ஏறிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் புறப்படலாம்.